மதுரைச் சமவெளியில் மக்கள்தொகை ஆய்வு

மதுரை நகரிலும், அதைச் சூழ்ந்த வைகைப் பாசன ஊர்களிலும், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மானாவாரி நிலங்களிலும், வடக்கே திண்டுக்கல் வரையிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைக் கணக்கெடுத்து ஆராய்ந்த முயற்சிகளின் வரலாறு இது. திண்டுக்கல் 1985இலும், தேனி அதன்பின் 1990களிலும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. அதற்கு முந்தைய ஆவணங்களில் 'மதுரை மாவட்டம்' என்றிருந்தால் அது இவை எல்லாம் அடங்கிய பெரிய மாவட்டத்தையே குறிக்கும்.

அரசு முதலில் எண்ண வந்தது பிறந்தவர்களை அல்ல, இறந்தவர்களை. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் பரவியது. அதன் காரணத்தை அறிய மதராஸ் அரசு மருத்துவர் குழு ஒன்றை அமைத்தது. வில்லியம் ஐன்ஸ்லி முதலியோர் எழுதிய அந்த அறிக்கை 1816இல் லண்டனில் அச்சானது. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை யாரும் அறியாத காலம். சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்கு மூலம் என்று மருத்துவ உலகம் நம்பியது. காரணம் தவறிப்போனாலும் நிலம், பயிர், பருவம், நோய் நான்கையும் சேர்த்துப் பார்த்த அந்த முறை பாராட்டத்தக்கது.

முறையான குடிமதிப்பு, அன்றைய பேச்சில் கானேஷுமாரி, 1871இல் தொடங்கியது. மதராஸ் மாகாணத்துக்கான அறிக்கையை எழுதியவர் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். அந்தக் கணக்கில் மதுரை நகரத்தின் மக்கள் 51,987 பேர். ஐந்தே ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அடிப்படையாகக் கொண்ட கூலி போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் விதித்தபோது, அது உயிரைத் தாங்காது என்று வெளிப்படையாக வாதாடியவரும் இதே கார்னிஷ்தான். எண்ணியவரே எண்ணப்பட்டவர்களுக்காக நின்றது அந்நாளில் அரிது. 1881இல் மறுபடி எண்ணியபோது மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தது. நகரத்தின் தொகையோ 73,807 ஆகியிருந்தது. பஞ்சம் பிழைக்க வந்தவர்களும் 1875இல் வந்த ரயிலும் அதற்குக் காரணம். 1901இல் நகரம் லட்சத்தைத் தாண்டியது.

குடிமதிப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை வருவது. இடைப்பட்ட காலத்தில் பிறந்தவர், இறந்தவர் கணக்கு கிராம முனிசீப்பின் பதிவேட்டில் இருந்தது. மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் வந்தது. பிறந்த சில நாளில் இறந்துபோன குழந்தை பல ஊர்களில் இரண்டு பதிவிலும் இடம்பெறாமல் போவதுண்டு. பின்னாளில் பெரும் விவாதத்துக்குக் காரணமானது இந்த ஓட்டைதான்.

அரசு அக்கறையோடு பராமரித்த பதிவேடு வேறொன்று. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், மேற்குச் சமவெளியின் பிரமலைக் கள்ளர் ஆண்களிடம் கைரேகை பெற்று, இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வைத்தார்கள். மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947இல் சட்டம் நீங்கியது. அடுத்த இரண்டாண்டில், 1949இல், பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் அதே மக்களிடையே தங்கி ஆய்வு செய்ய வந்தார். 1957இல் வெளியான அவருடைய நூல் தென்னிந்தியத் திருமணம் பற்றிய ஆய்வின் போக்கையே மாற்றியது. மாமன் மகள், அத்தை மகள் என்று முறை பார்த்துக் கொள்வதும் கொடுப்பதும் இரண்டு பேருக்கிடையிலான காரியமல்ல, இரண்டு வகையறாக்கள் தலைமுறைதோறும் புதுப்பிக்கும் சம்பந்தம் என்று அவர் காட்டினார். தாய்மாமன் சீர் முதலிய கொடுக்கல் வாங்கல்களையும் ஒவ்வொன்றாகக் குறித்தார். அவர் பிறப்பு வீதத்தைக் கணக்கிடவில்லை. ஆனாலும் இந்தப் பகுதியின் எண்களைப் புரிந்துகொள்ள அவர் நூல் இல்லாமல் முடியாது. 1983இல் டிம் டைசனும் மிக் மூரும் எழுதிய கட்டுரை, தெற்கே பெண்கள் பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே, சொந்தத்திலேயே வாழ்க்கைப்படுவதால் அவர்களுக்குக் கூடுதல் பிடிமானம் கிடைக்கிறது, பிறப்பும் குழந்தை இறப்பும் வடக்கைவிடக் குறைவாக இருப்பதற்கு அதுவும் காரணம் என்றது. உசிலம்பட்டி அந்த வாதத்துக்கு விரைவில் ஒரு சங்கடமான விதிவிலக்காயிற்று.

அதற்கு முன் காந்திகிராமம். மருத்துவர் சௌந்திரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே தொடங்கிய நிறுவனம் அது. அங்கே 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஒன்று தொடங்கி, 1964இல் ஊரக நலவாழ்வு மற்றும் குடும்பநல நிறுவனமாக வளர்ந்தது. அதன் சோதனைக்களம் ஆத்தூர் ஒன்றியம். சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த அந்த ஒன்றியத்தில் உள்ளூர்த் தலைவர்களைப் பிடித்து, பெண்களிடம் பெண்களையும் ஆண்களிடம் ஆண்களையும் பேசவைத்து, கருத்தடைச் சேவையை ஊருக்கே கொண்டுபோனார்கள். ஒவ்வொரு பிறப்பும் விடுபடாமல் பதிவாகிறதா என்றும் பார்த்தார்கள். ஆயிரம் பேருக்கு 40ஐத் தாண்டியிருந்த ஆண்டுப் பிறப்பு வீதம் 1960களின் முடிவில் 30க்குக் கீழே வந்தது. வருமானம் பெரிதாக உயராத ஒரு கிராமப்புறத்தில் பிறப்பு இவ்வளவு வேகமாக இறங்கும் என்று அன்று பலரும் நம்பியதில்லை.

காந்திகிராமத்தின் கொடை அந்த வெற்றிக் கணக்கு மட்டுமல்ல. அங்கே பணியாற்றிய புள்ளியியலாளர் கே. சீனிவாசன், ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் இடைப்பட்ட காலத்தைக் கொண்டு கருவளத்தை அளக்கும் கணித மாதிரிகளை உருவாக்கினார். கடைசிக் குழந்தை பிறந்து எத்தனை மாதம் ஆயிற்று என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலே ஓர் அளவுகோலாயிற்று. ஊரில் இந்த இடைவெளிகள் நீளத் தொடங்கினால் பிறப்பு குறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். 'உன் வயசு என்ன தாயி?' என்றால் குத்துமதிப்பாகச் சொல்கிற பெண்ணும், சின்னவனுக்கும் பெரியவளுக்கும் எத்தனை வருஷ வித்தியாசம் என்பதை நினைவிலிருந்து சொல்லிவிடுவாள். அவருடைய கட்டுரைகள் 1966இல் 'சாங்கியா'விலும் 1968இல் 'டெமோகிராஃபி'யிலும் வந்தன. பின்னர் அவர் பம்பாயின் பன்னாட்டு மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்துக்குப் பல ஆண்டுகள் இயக்குநராக இருந்தார். முதல் தேசியக் குடும்பநல ஆய்வில் (1992–93) தமிழ்நாட்டுப் பகுதியைக் கையாண்டதும் காந்திகிராமத்தின் மக்கள்தொகை ஆய்வு மையமே.

குழந்தை இறப்பைக் குறைக்கும் ஆய்விலும் மதுரைக்குப் பங்குண்டு. மாதந்தோறும் குழந்தைகளை எடைபோட்டு, எடை கூடாதவர்களுக்கு மட்டும் சத்துணவு தரும் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் முதலில் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் சோதிக்கப்பட்டது. மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மதுல்லா குழுவினர் திருச்சி மாவட்டத்தில் பதினைந்தாயிரம் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 1990இல் வெளியானது. வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளில் இறப்பு 54 விழுக்காடு குறைந்தது என்ற முடிவு உலக அளவில் பேசப்பட்டது.

1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலை பற்றி அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. சிசுவைக் கொல்லக் கொடுத்த எருக்கம்பாலும் நெல்மணியும் அதன்பின் நாடறிந்த செய்தி ஆயின. 1994இல் வந்த பாரதிராஜாவின் 'கருத்தம்மா' அதைத் திரைக்குக் கொண்டுவந்தது. பரிசம் கொடுத்துப் பெண் எடுத்த சமூகத்தில் வரதட்சணை நுழைந்தது, வைகை அணைக்குப் பின் பாசனம் பெற்ற குடும்பங்களின் அந்தஸ்துப் போட்டி என்று பல விளக்கங்கள் எழுந்தன. ஆனால் அளவு யாருக்கும் தெரியவில்லை. அதை அளந்தவர்கள் ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும். கட்டுரை 1997இல் வந்தது. அவர்கள் புதிதாக வீடு வீடாகப் போகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களின் 1995ஆம் ஆண்டுப் பதிவேடுகளை எடுத்து, பிறந்த சில நாட்களில் இறந்த ஆண், பெண் குழந்தைகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டார்கள். இயற்கையில் அந்த வயதில் ஆண் குழந்தைகளே கூடுதலாக இறக்கும். அது தலைகீழாக இருந்த இடங்கள் தருமபுரி, சேலம் தொடங்கித் திண்டுக்கல், தேனி, மதுரை மேற்கு வரை தொடர்ந்த ஒரு பட்டையாகத் தெரிந்தன. கிராம சுகாதார செவிலியர்கள் பதிவேட்டில் இறப்புக்கான காரணத்தை 'சமூகக் காரணம்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு சாதியின் தலையில் மட்டும் கட்டப்பட்டிருந்த பழி அந்த வரைபடத்தின் முன் நிற்கவில்லை. பட்டையின் வட பகுதியில் கொடுமை இன்னும் கடுமையாக இருந்தது, அங்கே பிரமலைக் கள்ளர்கள் இல்லை. ஆனாலும் இன்றுவரை 'உசிலம்பட்டி' என்ற பெயரைக் கேட்டதும் சிசுக்கொலையை நினைக்கும் பழக்கம் போகவில்லை. அது அநியாயம்.

1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரைக்கும் நீண்டது. கருவில் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் நிறைவேறி 1996இல் நடைமுறைக்கு வந்தது. குடும்பம் சிறுக்கும்போது ஆண் பிள்ளை வேண்டும் என்ற நெருக்கடி கூடுகிறது என்று மோனிகா தாஸ்குப்தாவும் மாரி பட்டும் 1997இல் வாதிட்டதற்கு மேற்குச் சமவெளி பொருத்தமான சான்று. ஆத்தூரின் சாதனையையும் உசிலம்பட்டியின் வேதனையையும் தனித்தனிக் கதையாகப் படிப்பது தவறு.

1971இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு குழந்தைகள். 1990களின் தொடக்கத்தில் அது இரண்டை ஒட்டியது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் 1.4. உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 1971இல் நூற்றுக்கு மேல், 2020இல் 13. முறைமாப்பிள்ளை, முறைப்பெண் வழக்கம் தேய்ந்தாலும் முற்றிலும் போய்விடவில்லை; 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் கால்வாசிக்கும் மேற்பட்ட திருமணங்கள் இன்னும் சொந்தத்துக்குள்தான். இப்போதைய ஆய்வின் கேள்விகள் முதுமை, தாமதத் திருமணம், குழந்தையின்மை என்று நகர்ந்துவிட்டன. ஆனால் மதுரை மாவட்டத்துக்கென்று கைவசமுள்ள கடைசி முழுக் கணக்கு 2011இல் எடுத்தது: 30,38,252 பேர். 2021இல் வந்திருக்க வேண்டிய குடிமதிப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்டு நடத்த அறிவிக்கப்பட்டுள்ளது.