முள்முருங்கை ஊரின் சுங்கச்சாவடி

சீனத்தின் ஃபூஜியான் மாகாணத்தில், ஜின் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது சுவான்சோ. ஊரெங்கும் முள்முருங்கை நட்டிருந்ததால் அம்மரத்தின் சீனப் பெயரான 'சிதோங்' ஊருக்கும் வழங்கியது. அரபு மாலுமிகள் அதைச் 'சைத்தூன்' ஆக்கினார்கள். அரபியில் அதற்கு ஒலிவம் என்று பொருள். பெயரில் உள்ள ஒலிவம் ஊரில் இல்லையே என்று 14-ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த இபின் பதூதா குறித்துவைத்திருக்கிறார்.

ஃபூஜியானில் மலை அதிகம், வயல் குறைவு. அங்குள்ளவர்களுக்குக் கடல்தான் கழனி. ஆனால் கடலைத் திறப்பதும் அடைப்பதும் அரசவையின் கையில் இருந்தது. இவ்வூரின் ஏற்ற இறக்கம் முழுவதும் அதைச் சுற்றியே நடந்தது.

1087-இல் சோங் அரசு இங்கே கடல் வணிக அலுவலகம் ஒன்றை அமைத்தது. அதுவரை சுவான்சோ வணிகர்கள் கப்பல் விட அனுமதி வாங்கத் தெற்கே குவாங்சோவுக்குப் போக வேண்டியிருந்தது. அந்தச் சுற்று ஒழிந்ததும் துறைமுகம் நிமிர்ந்தது. வந்திறங்கும் சரக்கில் ஒரு பங்கு வரியாகப் போகும்; அரசு விரும்பிய பண்டங்களை அதுவே வாங்கிக்கொள்ளும்; மிச்சம்தான் சந்தைக்கு. 1127-இல் வடசீனம் கைநழுவியபின் இந்த வருவாய் அரசுக்கு இன்னும் தேவைப்பட்டது. ஆனால் அதற்கு விலையும் இருந்தது. வடக்கிலிருந்து பெயர்ந்த அரச குலத்தின் ஒரு கிளை சுவான்சோவில் குடியேற்றப்பட்டது. நூறாண்டுகளில் அவர்கள் தொகை 2,000-ஐத் தாண்டியது. அத்தனை பேருக்கும் படியளந்தது உள்ளூர்க் கருவூலம்.

1974-இல் சுவான்சோவின் ஹௌஜூ கரையில் தோண்டியெடுத்த கப்பல் அக்காலத்தைக் கண்முன் நிறுத்துகிறது. 1270-களில் மூழ்கிய அதற்கு 13 அறைகள். ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை தாங்கும். உள்ளே மிளகும் நறுமணக் கட்டைகளும், சரக்கின் உடைமையாளரைக் குறிக்கும் மரச்சீட்டுகளும் கிடைத்தன. சில சீட்டுகள் அந்த அரச குலத்தையே சுட்டுவதாகச் சில ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். படி வாங்கியவர்கள் வாணிகத்திலும் கைவைத்தார்கள் போலும்.

மங்கோலியர் வந்தபோது, கடல் வணிகத்தைக் கண்காணித்த பூ ஷௌகெங் என்ற முஸ்லிம் பெருவணிகர் அவர்கள் பக்கம் சாய்ந்தார். ஊர் மேலும் செழித்தது. 1281-இல் மங்கோலிய அரசரான கானின் நலம் வேண்டிச் சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்கே சிவன் கோயில் எழுப்பியதைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அதன் கடைசி வரி சீன எழுத்தில் இருக்கிறது. கோயில் அழிந்துவிட்டது. கண்ணன், நரசிங்கம் உருவங்கள் செதுக்கிய தூண்கள் மட்டும் கையுவான் பௌத்த விகாரையின் பின்புறத்தில் இன்றும் கூரையைத் தாங்கி நிற்கின்றன.

1357 முதல் 1366 வரை நீண்ட கலகத்தில் அயல்நாட்டு வணிகர் குடியிருப்பு சிதைந்தது. அடுத்து வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்துக்கே தடைபோட்டது. ஆற்று வண்டல் துறையைத் தூர்த்துக்கொண்டிருந்தது. 1470-களில் வணிக அலுவலகமும் ஃபூசோவுக்கு மாறியது. வண்டலை வாரி எடுத்திருக்கலாம், அலுவலகம் போனபின் வாருவதற்குத்தான் காரணமில்லை. வாணிகம் கள்ளத்தனமாகத் தெற்கே யுவேகாங் துறைக்கு நகர்ந்தது. சுவான்சோ மக்கள் பலர் தென்கிழக்காசியாவுக்குக் கப்பலேறினார்கள்.

1980-இல் பெய்ஜிங் ஃபூஜியானில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குத் தேர்ந்தெடுத்தது சியாமெனை, சுவான்சோவை அல்ல. ஆனாலும் சுவான்சோவின் ஆளுகைக்குட்பட்ட ஜின்ஜியாங்கில் சிறு காலணிப் பட்டறைகள் முளைத்தன. ஆன்டா காலணி நிறுவனம் பிறந்தது அங்கேதான். 2020-இல் நகரின் உற்பத்தி மதிப்பு 1 லட்சம் கோடி யுவானைக் கடந்தது. மறு ஆண்டில் யுனெஸ்கோ அதன் பழைய துறைகளையும் பாலங்களையும் கோயில்களையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பெரிய கொள்கலன் கப்பல்கள் மட்டும் இன்றும் பெரும்பாலும் சியாமெனில்தான் நங்கூரமிடுகின்றன.