மலைக்கு ஒரு கூட்டம், கோயிலுக்கு ஒரு கூட்டம்

இந்தியப் பெருங்கடலில், மொரீஷியசுக்குப் பக்கத்தில் ரீயூனியன் என்றொரு பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. தீவே எரிமலைதான். 1977 ஏப்ரலில் அங்குள்ள எரிமலை கக்கிய குழம்பு செய்ன்ட் ரோஸ் பகுதியில் ஓர் ஊருக்குள் புகுந்து வீடுகளை விழுங்கியது. மாதா கோயிலின் வாசல் வரைக்கும் வந்த குழம்பு, சுவரைச் சுற்றிக்கொண்டு போய் உறைந்துவிட்டது. இன்று எரிமலையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கோயிலையும் பார்க்காமல் திரும்புவது குறைவு. 1848-ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள் எழுப்பிய காளி கோயில்களும் மாரியம்மன் கோயில்களும் அந்தத் தீவில் உண்டு. மலைச் சிகரங்களையும் பள்ளத்தாக்குகளையும் 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே போகிறவருக்கு மலையேற்றமும் கோயில் பார்ப்பதும் ஒரே பயணத்தில் அடங்கிவிடுகின்றன. இங்கே, சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் நாகலாபுரத்தில் மட்டும் அவை ஏன் இரண்டு பயணங்களாகப் பிரிந்து கிடக்கின்றன என்பதே இந்த வாரக் கேள்வி.

ஊத்துக்கோட்டையைத் தாண்டி, சுருட்டப்பள்ளி வழியாகப் புத்தூர் போகும் சாலையில் இருக்கிறது நாகலாபுரம். பழைய சித்தூர் மாவட்டத்து ஊர். 2022-ல் திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது. ஊருக்கு இரண்டு வகையான விருந்தாளிகள். ஒரு கூட்டம் விடிவதற்கு முன்பே முதுகுப்பையோடு மலையடிவாரத்துக்குப் போய், ஓடையில் ஏறி, பாறைக்குட்டைகளில் நீந்திவிட்டு, இருட்டுவதற்குள் சென்னைக்குத் திரும்பும். இன்னொரு கூட்டம் வேதநாராயணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, திருப்பதிக்கோ சுருட்டப்பள்ளிக்கோ வண்டியைத் திருப்பும். முதல் கூட்டத்துக்குக் கோயில் வழியில் வரும் ஒரு கோபுரம். இரண்டாவது கூட்டத்துக்கு மலை, கோபுரத்துக்குப் பின்னால் தெரியும் ஒரு நிழல். இரண்டு கூட்டமும் பார்ப்பது ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்களை. அந்த மலை இல்லாமல் இந்த வட்டாரத்தில் இப்படியொரு கோயில் வரிசை அமைந்திருக்காது.

கல்லிலிருந்தே தொடங்கலாம். நாகலாபுரம், நகரி மலைகளின் கல் எரிமலைக் கல் அல்ல. கடப்பா வடிநிலம் என்று புவியியலாளர்கள் சொல்லும் பழங்காலக் கடற்பரப்பில் படிந்த மணல், புதைந்து, அழுந்தி, குவார்ட்சைட்டாக இறுகியது. நகரி குவார்ட்சைட் என்றே அதற்குப் பெயர். வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். இந்தப் பாறைகளில் சில பலகைகளை அருகில் போய்ப் பார்த்தால், விரற்கடை இடைவெளியில் வரிவரியாக மேடும் பள்ளமும் ஓடுவது தெரியும். ஆழமில்லாத நீர் மணலின் மேல் அசைந்து விட்டுப்போன அலைத்தடம் அது. இந்தக் கல்லுக்கு இரண்டு குணங்கள். ஒன்று, கரைந்து சேறாவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு குட்டைகளின் அடி தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, செங்குத்தாகவும் குறுக்காகவும் வெடித்துக் கட்டிகட்டியாகப் பிளக்கும். வெடிப்புகளுக்குள் இறங்கிய மழைநீர் மெல்லக் கசிந்து, கோடை நெருங்கும் வரைகூட ஓடையை உயிரோடு வைத்திருக்கிறது. கட்டிகள் பெயர்ந்து விழுந்த இடத்தில் அருவி, அதன் காலடியில் ஆழமான மடு. மலையேறுகிறவர்கள் சிலாகிக்கும் அத்தனையும் இந்த இரண்டு குணங்களின் விளைவு.

அதே கல் மனித வரலாற்றையும் தொடங்கி வைத்திருக்கிறது. நாகலாபுரத்துக்குத் தெற்கே, ஒரு நாள் நடைத் தொலைவில், கொசஸ்தலையாற்றின் ஓரம் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863-ல் புவியியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே தோண்டி எடுத்த கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் அறிவிக்கப்பட்டது. அந்தக் கோடரிகள் குவார்ட்சைட்டால் ஆனவை. அல்லிக்குழி மேட்டு நிலங்களில் கிடக்கும் உருளைக்கற்கள்தான் அவற்றுக்கு மூலப்பொருள். பழைய மலைகளிலிருந்து பண்டைய ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து கொட்டியவை. தட்டினால் கூரான விளிம்போடு பெயரும் கல் கைக்கெட்டிய இடத்தில் ஆதிமனிதன் தங்கினான். நம் வரலாற்று நூல்கள் இந்தப் பகுதியைக் கிருஷ்ணதேவராயரிலிருந்து தொடங்குவதைப் பார்த்தால், கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்கிறோமோ என்றுதான் தோன்றுகிறது.

அடுத்து நீர். மலை விட்ட நீர்தான் ஆரணியாறு. பிச்சாட்டூர் அணையில் தங்கி, சுருட்டப்பள்ளியைத் தொட்டு, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகப் பழவேற்காட்டு ஏரியில் சேர்கிறது. அதன் கரையில், சுருட்டப்பள்ளியில், ஆலகால விஷத்தை உண்ட சிவன் பார்வதியின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். பக்கத்து மலை மடிப்புகளைப் பாருங்கள். நாராயணவனத்துக்கு அருகே கைலாசகோனாவில் அருவியும் சிவன் சந்நிதியும் ஒட்டியே இருக்கின்றன. புத்தூர்ப் பக்கம் சதாசிவகோனாவிலும் அப்படித்தான். தடாவுக்கு மேற்கே உப்பலமடுகு அருவிக்குப் போகும் காட்டில் சித்தேஸ்வரர் கோயில். சிவராத்திரிக்கு அங்கே கூட்டம் அலைமோதும். கோனா என்று தெலுங்கில் சொல்லும் ஒவ்வொரு மலையிடுக்கிலும் நீர் விழுகிறது; நீர் விழும் இடத்தில் ஒரு சந்நிதி. இது தற்செயல் என்று சொல்ல முடியாது. வறண்ட சமவெளியைப் பார்த்து நிற்கும் மலையில், கோடையிலும் நீர் சொட்டும் இடத்தை மக்கள் அடையாளம் வைத்துக்கொண்ட முறை இது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். கோனாக்களின் சிறு கோயில்களுக்கு இது பொருந்தலாம். நாகலாபுரத்துப் பெருங்கோயில் அரசியலின் குழந்தை அல்லவா? தாய் நாகலாதேவியின் நினைவாகக் கிருஷ்ணதேவராயர் (1509–1529) எழுப்பியது என்பது மரபு. காளஹஸ்தியில் 1516-ல் நூற்றுக்கால் மண்டபமும் ராஜகோபுரமும் எழுப்பியவர், திருமலைக்கு ஏழு முறை வந்தவர். தன் செல்வாக்கைக் கல்லில் காட்ட அவருக்கு மலை ஒரு காரணமாக இருந்திருக்கத் தேவையில்லை. இதில் உண்மை இருக்கிறது. அரசன் கோயில் கட்டியது ஏன் என்பதற்கு அரசியல்தான் விடை. எங்கே, எப்படி என்பதற்கு அது விடையாகாது. ஹம்பிக்கு அருகே இன்றைய ஹொசப்பேட்டையையும் இதே மன்னர் நாகலாபுரம் என்ற பெயரில் அமைத்தார்; அங்கே இரண்டு குன்றுகளுக்கு நடுவே பெரிய ஏரி வெட்டப்பட்டதைப் போர்த்துகீசியப் பயணி பயஸ் விவரித்திருக்கிறார். ஊர் அமைக்கும்போது குன்றையும் நீரையும் கணக்குப் பார்த்த அரசு அது.

கோயிலுக்குள்ளேயே இன்னொரு சான்று இருக்கிறது. மூலவர் மச்சாவதாரத் திருமால். சோமகாசுரனிடமிருந்து வேதங்களை மீட்டவர். இடைக்குக் கீழே மீன் வடிவம். மேற்கு நோக்கிய சந்நிதி. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் சில நாட்கள், மாலை ஆறு மணியை ஒட்டி, மறையும் சூரியனின் ஒளி கோபுர வாசலில் நுழைந்து, நூற்றுக்கணக்கான அடி நீளும் பிராகாரங்களையும் மண்டபங்களையும் கடந்து கருவறைக்குள் விழுகிறது. முதலில் பாதம், பிறகு இடைப்பகுதி, பிறகு திருமுடி. 1967 முதல் கோயிலை நிர்வகிக்கும் திருமலை திருப்பதி தேவஸ்தானம் இதைச் சூரிய பூஜையாகக் கொண்டாடுகிறது. பக்தர்கள் சிற்பியின் கணக்கைப் புகழ்கிறார்கள், புகழட்டும். அந்தக் கணக்குக்குள் மலையும் இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அடிவானத்தை ஒட்டி இறங்கும் வெயில் உள்ளே வர வேண்டுமானால், மேற்குத் திசையில் மலை மறைக்கக் கூடாது. சுற்றிலும் மலைத்தொடர்கள் நிற்கும் ஒரு வட்டாரத்தில், மேற்கு திறந்திருக்கும் இடத்தைத் தேர்ந்து அச்சைப் பிடித்திருக்கிறார்கள். மலையைக் கவனிக்காமல் இதைச் செய்திருக்க முடியாது.

இன்னொரு மறுப்பு: எரிமலைத் தீவோடு இந்த ஒப்பீடே சரியா? அங்கே மலை உயிரோடு இருக்கிறது, மனிதனை மிரட்டுகிறது; அதனால் சமயமும் மலையும் ஒட்டிக்கொண்டன. இங்கே மலை செத்துப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பார்கள். மிரட்டினால்தான் வணங்குவார்கள் என்பது அரைகுறை வாதம். ரீயூனியன் தமிழர்கள் தீ மிதிப்பதைப் பார்த்து எரிமலையோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. உண்மையில் தீமிதி அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோனது. திரௌபதியம்மன் வழிபாட்டின் பகுதி. சித்தூர் வட்டாரத்துத் தர்மராஜர் கோயில்களிலும் அது இன்றும் நடக்கிறது. ரீயூனியனில் மலையும் கோயிலும் ஒன்றாகத் தெரிவது நெருப்பினால் அல்ல, இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் காட்டும் ஏற்பாட்டினால். அந்த ஏற்பாடுதான் இங்கே இல்லை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. இரண்டையும் சேர்த்து விளம்பரம் செய்தால், கோயிலுக்கு வரும் கூட்டமும் காட்டுக்குள் ஏறாதா? பிளாஸ்டிக் குப்பை பெருகாதா? கவலை நியாயமானது. இந்த மலைகள் செம்மரத்தின் இயற்கை வாழிடத்தைச் சேர்ந்தவை. உலகில் வேறெங்கும் அது இயல்பாக வளர்வதில்லை. செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 பேர் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். நீச்சல் தெரியாதவர்கள் மடுக்களில் மூழ்கி இறப்பதும் நடக்கிறது. ஆனால் நான் கேட்பது மலைக்கு ஆள் சேர்ப்பதற்கு அல்ல. அடிவாரத்தில், சாலையோரத்தில், கோயில் வளாகத்தில் நின்றபடியே மலையை வாசிக்க வைக்க முடியும். குவார்ட்சைட் பலகை ஒன்று, அதிலிருக்கும் அலைத்தடம், ஒரு கைக்கோடரியின் மாதிரி, ஆரணியாற்றின் வரைபடம், சூரிய ஒளி வரும் பாதையின் படம்: ஒரு சிறிய மண்டபம் போதும். காட்டின் மேல் ஒரு காலடிகூட அதிகம் விழாது. அறியாமல் வருகிறவன்தான் குப்பை போட்டுவிட்டுப் போகிறான்.

ஆந்திரச் சுற்றுலாத் துறையும் தேவஸ்தானமும் மனம் வைத்தால் ஒரே ஆண்டில் முடிகிற வேலை. அதுவரை வாசகர்கள் தாங்களே செய்யக்கூடியது ஒன்றுண்டு. சூரிய பூஜைத் தேதிகளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு மார்ச்சில் கிளம்புங்கள். காலையில் கைலாசகோனா, மதியம் சுருட்டப்பள்ளி, ஐந்தரை மணிக்குள் நாகலாபுரம் கோயில். மலை ஓடைகளுக்குப் போக விரும்பினால், வனத்துறையிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். கிடைக்கவில்லை என்றால் போகாதீர்கள்.

(தொடரும்)