கடல் கடந்த மெட்டும் கரையேறிய மனிதரும்

வெசாக் நாட்களில் இலங்கையின் பட்டினங்களிலும் சிற்றூர்களிலும் புத்தபெருமானைப் போற்றும் சிங்களப் பாடல்கள் ஒலிபெருக்கி வாயிலாக ஒலிப்பது வழக்கம். அவற்றுட் பெரும்புகழ் பெற்ற பலவற்றைப் பாடியவர் மொஹிதீன் பேக். தென்னிந்தியாவிலே சேலத்திற் பிறந்து, 1930களில் இளைஞராக இலங்கைக்கு வந்து, இங்கேயே வாழ்ந்து 1991ஆம் ஆண்டில் மறைந்த இஸ்லாமியர் அவர். பௌத்தரின் பத்திப் பாடலுக்கு முஸ்லிம் ஒருவரின் குரல் வாய்த்ததைப் புதுமையென வியந்து அகல்வது எளிது. அது எவ்வாறு நிகழ்ந்தது என ஆராய்வதே வரலாற்றின் கடமையாகும்.

ஒரு நாட்டின் பாட்டு அந்நாட்டு மண்ணிலே தானாக முளைத்தது என்று எண்ணுதல் மக்களுக்கு இயல்பு. பாட்டின் பிறப்பைத் துருவிப் பார்ப்போர்க்கோ பெரும்பாலும் ஒரு பயணமே முதலிற் புலப்படும். அப்பயணம் இருவகைப்படும். மெட்டு மட்டும் கடல் கடந்து வருவது ஒருவகை. மெட்டை அறிந்த மனிதர் வந்து, அயலாரோடு கலந்து, அவர்தம் மொழியைச் செவியிற் கொண்டு வாழ்வது மற்றொரு வகை. சிங்களத் திரையிசையின் வரலாற்றை நோக்குமிடத்து, முதல்வகையாற் பிறந்தவை பெரும்பாலும் போலிகளாயின என்பதும், இரண்டாம் வகையாற் பிறந்ததே நிலைத்த இசையாயிற்று என்பதும் தெளிவாகும்.

இப்போக்குவரத்துத் திரைப்படத்தோடு தொடங்கியதன்று. சிலாபம், நீர்கொழும்பு முதலிய மேற்குக் கரையூர்களிற் கத்தோலிக்க மக்களிடையே பயின்ற தமிழ்க் கூத்து, நாளடைவிற் சிங்கள மொழியிற் புகுந்து, 'நாடகம' எனத் தமிழ் வழிவந்த பெயரோடே சிங்களக் கலையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் ஆட்டத்தைக் கண்டு 'நூர்த்தி' என்னும் புதிய அரங்கு தோன்றியது. அவ்வரங்கின் தலைமைப் புலவரான ஜோன் த சில்வா 1903ஆம் ஆண்டில் மேடையேற்றிய 'சிறிசங்கபோ' நாடகத்திற்கு இசையமைத்தவர் விஸ்வநாத் லவ்ஜி என்னும் இந்தியராவர். எனவே பேசும் படம் பிறப்பதற்கு முன்னரே சிங்கள மேடை வந்தோர் இசைக்குப் பழகியிருந்தது.

முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ', அஃதாவது 'முறிந்த வாக்குறுதி', 1947ஆம் ஆண்டு சனவரி 21ஆந் திகதி கொழும்பு கிங்ஸ்லி திரையரங்கில் வெளியாயிற்று. அதன் பிறப்பு வரலாறே ஒரு பயண நூலை ஒக்கும். கதை, பீ. ஏ. டபிள்யூ. ஜயமான்ன எழுதி நீர்கொழும்பு மினர்வா நாடகக் குழுவினர் நடித்துவந்த மேடை நாடகம். தயாரிப்பாளர் தமிழரான எஸ். எம். நாயகம். இயக்கியவர் வங்காளத்தவரான ஜோதிஷ் சிங். இசை ஆர். நாராயண ஐயருடையது. படம்பிடிக்கப்பட்ட இடம் மதுரைச் சித்திரகலா மூவிடோன். கதாநாயகி ருக்மணி தேவியோ, 1923ஆம் ஆண்டில் நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையிற் பிறந்த டெய்சி ராசம்மா டானியல்ஸ். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிலே தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய கொழும்புச் செட்டிச் சமூகத்தின் மகள் அவர். சிங்களத் திரையின் முதற் குரலாக நாடு போற்றிய குரல் இங்ஙனம் ஒரு பழைய குடிப்பெயர்வின் வழி வந்ததாகும்.

அக்காலத்தில் இக்கடல் ஒரு தடையாகத் தோன்றவில்லை. 1914ஆம் ஆண்டு முதல், கொழும்பிற் புகைவண்டி ஏறுவோர் தலைமன்னாரிற் கப்பலுக்கு மாறித் தனுஷ்கோடியில் இறங்கி, மீண்டும் புகைவண்டியில் மதுரைக்கும் மதராசுக்கும் செல்ல வசதி இருந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அவ்வழி வழங்கிற்று. இலங்கையில் தக்க படப்பிடிப்பு நிலையங்கள் இல்லாத முதலாண்டுகளில் நடிகரும் பாடகரும் கடல் கடந்து சென்று, சில வாரங்கள் தங்கி, படம் முடித்து மீண்டனர். மதுரை, கோயம்புத்தூர், சேலம், மதராஸ் ஆகிய ஊர்களின் கலையகங்களிலே சிங்களப் படங்கள் உருவாயின.

இதனால் விளைந்த குறையையும் மறைத்தலாகாது. கலையகத்துக்குக் கூலி நாட்கணக்கில் ஏறும். வாத்தியக் குழுவினர்க்கோ சிங்களம் தெரியாது. கையிலுள்ள தமிழ், இந்தி மெட்டை எடுத்து, அதன் அளவுக்குச் சிங்களச் சொற்களை வெட்டியும் நீட்டியும் பொருத்துவதே விரைவான வழியாயிற்று. குறில் வரவேண்டிய இடத்தில் நெடில் இசைக்கும். சொல் பிரியலாகாத இடத்திற் பிரியும். தம் மொழி தமக்கே அயலாக ஒலிப்பதைக் கேட்ட சிங்கள அறிஞர் வெகுண்டனர். அவர்தம் கண்டனம் நியாயமானதே. தமிழர் ஒருவர் அந்நிலையில் இருந்திருப்பின் அவரும் அவ்வாறே கண்டித்திருப்பர்.

ஆனால் அதே ஆண்டுகளிற் கடலைக் கடந்து வந்து இக்கரையிலே தங்கிவிட்ட இசைவாணரும் இருந்தனர். இந்தியாவிலிருந்து வந்து கொழும்பில் இசைத்தட்டுத் துறையிற் பணிபுரிந்த முகம்மது கௌஸ் அவர்களுள் ஒருவர். 1947ஆம் ஆண்டிலேயே வெளிவந்த 'அசோகமாலா' படத்திற்கு இசையமைத்த அவர், இருபது வயதும் நிரம்பாத அல்பேட் பெரேரா என்னும் இளைஞரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்று வயலின் வாசிக்கச் செய்தார். அவ்விளைஞரே பின்னர் லக்னோ நகரத்துப் பாத்கண்டே இசைக் கல்லூரியிற் பயின்று, பண்டிதர் அமரதேவ என உலகறியும் சிங்கள இசை மேதையாக விளங்கினார். வந்தவர் ஒருவர் ஊரவர் ஒருவரின் ஆற்றலைக் கண்டு கைகொடுத்த நிகழ்ச்சி இது.

நாகர்கோயிலைச் சேர்ந்த ஆர். முத்துசாமியின் வாழ்வு இன்னும் சிறந்த சான்று. எஸ். எம். நாயகம் கந்தானையிலே கலையகம் நிறுவிய காலத்தில், 1950களின் தொடக்கத்தில், வயலின் கலைஞராக இங்கு வந்த அவர் 1988இல் மறையும்வரை இலங்கையையே தம் இல்லமாகக் கொண்டார். இலங்கை வானொலியிற் பணிபுரிந்தார். கருணாரத்ன அபேசேகர முதலிய பாடலாசிரியர்களோடு அமர்ந்து, சிங்களச் சொல்லின் ஓசையும் பொருளும் கேட்டறிந்து மெட்டமைத்தார். கருநாடக இசையிற் பயின்ற கை சிங்களச் சொல்லின் நடைக்கு இணங்கிற்று. சில வாரப் படப்பிடிப்பு ஈட்டித் தராத பேற்றைப் பல்லாண்டு வாழ்க்கை ஈட்டித் தந்தது. இத்தனைக்கும் 1948ஆம் ஆண்டின் குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் கடல்வழியை நெருக்கத் தொடங்கியிருந்தது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியிருந்தது. சட்டம் ஒருபுறம் கதவை அடைக்க, இசை மறுபுறம் கதவைத் திறந்துவைத்தது.

1956ஆம் ஆண்டின் இறுதியில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய 'ரேகாவ' வெளிவந்தது. கலையகச் சுவர்களை விட்டுக் கிராமத்து வெளியிலே படம்பிடிக்கப்பட்ட அதில், மார்சலின் ஜயக்கொடி அடிகளாரின் கவிதைகளுக்குச் சுனில் சாந்த மெட்டமைத்தார். தென்னிந்தியப் போலியைத் துறந்த முதற்படம் என அது பாராட்டப் பெற்றது. அப்பாராட்டுக்கு அது முற்றும் உரியதே. ஆயினும் சுனில் சாந்தவும் சாந்திநிகேதனத்திலும் லக்னோவிலும் சென்று பயின்று மீண்டவரே. அயலிசையை ஆழ்ந்து கற்றவரே அதனின்று விலகித் தம் வழியைக் காண வல்லராயினர். நாட்டுப் பண்ணாக 1951இல் ஏற்கப்பட்ட பாடலை இயற்றிய ஆனந்த சமரக்கோனும் சாந்திநிகேதனம் கண்டவர். அப்பண்ணைத் தமிழாக்கிய புலவர் மு. நல்லதம்பி, மெட்டுச் சிறிதும் மாறாமல் தமிழ்ச் சொற்களை அமைத்தார். பிறர் மெட்டுக்குச் சொல் பொருத்துவது எப்போதும் போலியாகும் என்பதில்லை; இருமொழியின் இயல்பும் அறிந்தவர் செய்யின் அது கவிதையாகும்.

கொடுத்தது திரும்பி வருவதையும் வரலாறு காட்டுகின்றது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர, தமிழ்க் கூத்தின் வழிவந்த பழைய 'நாடகம' மரபை எடுத்து 'மனமே' என்னும் சீரிய நாடகத்தைப் படைத்தார். அதன் வெற்றி, பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தைப் புதுப்பிப்பதற்கு ஊக்கமாயிற்று. 1962இற் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' எனத் தமிழ்க் கூத்து மீண்டும் கற்றோர் அரங்கேறிற்று. திரையிலும் அவ்வாறே. இலங்கையின் முதற் தமிழ்த் திரைப்படமான 'சமுதாயம்' 1962இல் ஹென்றி சந்திரவன்ச என்னும் சிங்களவரால் இயக்கப்பட்டது. 1970களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராய் வாழ்ந்த தர்மசேன பத்திராஜா, அவ்வூர் வாழ்வைக் கண்ணுற்றுப் 'பொன்மணி' என்னும் தமிழ்ப் படத்தை ஆக்கினார். தெற்கே தங்கிய முத்துசாமிக்குச் சிங்களச் செவி வாய்த்ததுபோல, வடக்கே தங்கிய பத்திராஜாவுக்குத் தமிழ்க் கண் வாய்த்தது.

1983ஆம் ஆண்டு யூலை மாதக் கலவரம் இவ்வரலாற்றின் மேலும் தீ வைத்தது. பல சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் கொல்லப்பட்டார். ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்களும் சாம்பலாயின. அக்கலையகத்தின் உரிமையாளரான கே. குணரத்தினம் தமிழர், ஆயினும் லெஸ்டரின் இரண்டாவது படமான 'சந்தேசய'வை 1960இல் தயாரித்தவர் அவரே. தமிழருடையது எனக் கருதித் தீயிட்டோர், தம் மொழியின் படங்களையும் எரித்தனர். இருவர் கூடிச் செய்த பொருளில் ஒருவர் பங்கை மட்டும் பிரித்தெடுத்து அழித்தல் எவருக்கும் இயலாது என்பதற்கு இதனினுங் கொடிய சான்று வேண்டியதில்லை.

மெட்டுக்கு நுழைவுரிமைச் சீட்டு வேண்டியதில்லை. காற்றிலே ஏறி அது எங்கும் செல்லும். ஆயின் அது வேரூன்றுவதற்கு மனிதர் வேண்டும்; அவர்க்குத் தங்க ஓர் இல்லமும், அஞ்சாது வாழ உரிமையும், சொல்லின் பொருளைக் கேட்டறிய அயலவர் நட்பும் வேண்டும். மொஹிதீன் பேக்கின் குரல் வெசாக் இரவில் ஒலிக்கும்பொழுது, வந்த ஓர் இளைஞரை இந்நாடு தங்கவிட்டது என்பதும் அக்குரலோடு சேர்ந்தே ஒலிக்கின்றது. பாடல்களின் பட்டியலை அறிவிப்போர், பாடியவர் பெயரோடு இசையமைத்தவர் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் கூறுவாராயின், இளந்தலைமுறையினர் இவ்வரலாற்றைத் தனியே ஏட்டிற் படிக்க வேண்டிய தேவையும் பெரிதும் குறையும்.