ஒரு குகை கைமாறிய கதை

வரலாறு என்றாலே அரசர்கள், போர்கள், கோயில்கள் என்றுதான் நம் நினைவு ஓடுகிறது. விளையாட்டுக்கும் வரலாறு உண்டு. அதிலும் கணிப்பொறி விளையாட்டுகளின் வரலாறு நாம் எண்ணியிருந்ததை விட நீளமானது, சுவையானது என்பதைச் சென்ற மாதம் ஓரிரவில்தான் உணர்ந்தோம்.

அன்று நண்பர்கள் நால்வர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி அமர்ந்திருந்தோம். திரையில் படமில்லை, வண்ணமில்லை, ஓசையுமில்லை, வெறும் எழுத்துகள். சாலையொன்றின் முடிவில், செங்கல்லால் கட்டிய சிறு வீட்டின் முன் நாம் நிற்கிறோம், சுற்றிலும் காடு, வீட்டிலிருந்து புறப்படும் ஓடை பள்ளத்தில் இறங்கிச் செல்கிறது என்று அவை தெரிவித்தன. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்வாரில்லை. 'விளக்கை எடு', 'கதவைத் திற' என்பன போன்ற கட்டளைகளை ஓரிரு ஆங்கிலச் சொற்களில் நாம்தான் தட்டச்சிட வேண்டும். ஒருவர் தட்டச்சிட, ஒருவர் தாளில் வழியை வரைய, மற்றொருவர் யோசனை சொல்ல, நான்காமவர் அனைவரையும் கேலி செய்ய, ஆட்டம் தொடர்ந்தது.

சிறு பறவையொன்றைப் பிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. கையில் கோல் இருக்கும்வரை அது அஞ்சி விலகும் என்பது பின்னர்தான் விளங்கியது. மண்டபத்தில் வழிமறித்த பாம்பை விரட்டியதும் அதே பறவைதான்! அடுத்து வந்தது ஒரு புதிர்வழி. எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒரே வருணனை. கையிலிருந்த பொருள்களை அறைக்கொன்றாக விட்டுச் சென்று அடையாளம் வைத்துத்தான் வெளியேற முடிந்தது. இரவு இரண்டு மணியளவில் விளக்கின் மின்கலம் தீர்ந்தது. இருளில் ஓரடி வைத்தோம். குழியில் விழுந்து மாண்டோம். அன்று வரைந்த இரண்டு தாள்களை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இந்த விளையாட்டின் பெயர் 'அட்வென்ச்சர்'. 'கொலாசல் குகை' என்றும் அழைப்பார்கள். கற்பனையாக அமைத்த குகை என்றுதான் முதலில் எண்ணினோம். தேடிப் பார்த்தபோதுதான் அது மெய்யான குகை என்பது தெரிந்தது. ஆட்டத்தின் வரலாற்றைச் சொல்வதற்கு முன், அந்தக் குகையின் வரலாற்றைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் சுண்ணாம்புப் பாறைகளுக்கு அடியில் கிளைபிரிந்து ஓடுகிறது மாமத் குகைத்தொகுதி. இதுவரை அளந்தறிந்த வழிகளின் நீளம் மட்டும் 420 மைலுக்கும் மேல். உலகில் இன்றுவரை அறியப்பட்ட குகைகளில் இதுவே மிக நீளமானது. 1838ஆம் ஆண்டில் இக்குகையை விலைக்கு வாங்கிய ஃபிராங்க்ளின் கோரின் என்பவர், பார்வையாளர்களுக்கு வழிகாட்டுவதற்காகத் தம் அடிமையான இளைஞர் ஒருவரை அங்கே அழைத்து வந்தார். அவர் பெயர் ஸ்டீபன் பிஷப். 'அடியற்ற குழி' என்று பெயரிட்டு, அதற்கப்பால் யாரும் செல்லாமல் விட்டிருந்த பிளவை அவ்வாண்டிலேயே ஏணியின் துணையுடன் கடந்தவர் அவர். குழிக்கு அப்பால் நிலத்தடி ஆறும் அதில் கண்ணில்லாத மீன்களும் இருப்பதை உலகம் அறிந்துகொண்டதும் அவரால்தான்.

குகை அடுத்த ஆண்டே ஜான் குரோகன் என்ற மருத்துவருக்குக் கைமாறியது. குகையோடு பிஷப்பும் கைமாறினார். 1842இல் குரோகனின் லூயிவில் நகரத்து இல்லத்தில் அமர்ந்து, தாம் நடந்த வழிகளையெல்லாம் நினைவிலிருந்தே வரைபடமாக எழுதினார் பிஷப். 1845இல் வெளிவந்த நூலொன்றில் அது அவர் பெயருடனேயே அச்சேறியது. அடிமையின் பெயரை அச்சிட முன்வந்தவர்கள், அவரை விடுவிக்க மட்டும் முன்வரவில்லை. குரோகனின் உயிலின்படி 1856இல்தான் பிஷப்புக்கு விடுதலை கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு அவர் இறந்தார். குகையின் அருகிலேயே அவருடைய கல்லறை இருக்கிறது.

பிஷப்புக்குப் பின் வந்த காலம் போட்டியின் காலம். குகை காட்டிப் பணம் ஈட்டலாம் என்று தெரிந்ததும் சுற்றுவட்டாரத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு நுழைவாயில் தேடத் தொடங்கினர். சுற்றுலாப் பயணிகளை வழியிலேயே மறித்துத் தத்தம் குகைக்கு இழுத்துச் செல்வதும் நடந்தது. அவ்வாறு புதிய வாயில் தேடிப்போன ஃபிளாய்டு காலின்ஸ், 1925 ஜனவரி இறுதியில் இடுக்கு ஒன்றில் கால்மேல் பாறை விழுந்து சிக்கிக்கொண்டார். நாடே செய்தித்தாளிலும் வானொலியிலும் காத்திருந்தது. இரண்டு வாரங்களுக்குப் பின் மீட்புக் குழுவினர் அவரை அடைந்தபோது அவர் உயிருடன் இல்லை. 1941இல் மாமத் குகை தேசியப் பூங்காவான பிறகுதான் இந்தப் போட்டி ஓய்ந்தது.

ஓய்ந்த பின்னும் ஒரு கேள்வி மீதமிருந்தது. அருகிலுள்ள ஃபிளிண்ட் ரிட்ஜ் குகைகளும் மாமத் குகையும் உள்ளே எங்கேனும் இணைகின்றனவா? ஊதியம் ஏதுமின்றி விடுமுறை நாள்களில் கூடிய ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் வழிகளை அளந்து பதிவு செய்து வந்தனர். 1972 செப்டம்பர் 9ஆம் நாள், ஜான் வில்காக்ஸ் தலைமையில் அறுவர் கொண்ட குழு, நீர் தேங்கிய தாழ்ந்த வழியொன்றில் நடந்தது. திடீரென்று விளக்கொளியில் ஒரு கைப்பிடிக் கம்பி தெரிந்தது. மாமத் குகையின் சுற்றுலாப் பாதைக்கு வைத்த கம்பி! இரு குகைகளும் ஒன்றே என்பது உறுதியாயிற்று. அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் பேட்ரிஷியா கிரௌதர். அதற்கு முந்தைய பயணமொன்றில், மிகக் குறுகலான இடுக்கொன்றில் மெலிந்த உடலுடன் நுழைந்து அப்பால் வழியிருப்பதைக் கண்டவரும் அவர்தான்.

பேட்ரிஷியாவின் கணவர் வில் கிரௌதர். அவரும் குகை ஆர்வலர். பாறை ஏறுவதில் வல்லவர். தொழிலோ, மாசசூசெட்ஸில் உள்ள ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதுவது. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1969இல் தொடங்கியபோது, கணிப்பொறிகளுக்கு இடையே செய்தியை வழிநடத்திய இயந்திரங்களுக்கு நிரல் எழுதிய சிறு குழுவில் முதன்மையானவர். குகைக்குப் போய்வந்ததும், சேறு படிந்த குறிப்பேடுகளிலிருந்த அளவுகளைக் கணவனும் மனைவியுமாக வீட்டு வரவேற்பறையிலிருந்த தொலைத்தட்டச்சுப் பொறி வழியே அலுவலகக் கணிப்பொறிக்கு அனுப்புவார்கள். கணிப்பொறி வரைபடம் வரைந்து தரும். பிஷப் நினைவிலிருந்து வரைந்ததை, நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின் இவ்விருவரும் எண்களிலிருந்து வரைந்தனர்.

பின்னர் அவர்கள் பிரிந்தனர். இரு மகள்களும் தாயிடம் இருந்தனர். முன்னாள் மனைவியின் நண்பர்களும் தம் நண்பர்களும் ஒரே வட்டம் என்பதால், குகைப் பயணங்களும் கிரௌதருக்குச் சங்கடமாகி நின்றுபோயின. குழந்தைகளும் இல்லை, குகையும் இல்லை. அப்போதுதான், 1975-76 காலத்தில், தாம் நன்கறிந்த பெட்கில்ட் என்னும் குகைப்பகுதியை எழுத்தில் கட்டத் தொடங்கினார். ஃபோர்ட்ரான் மொழியில் ஏறத்தாழ 700 வரிகள். கணிப்பொறி அறியாத தம் மகள்களும் ஆட வேண்டும் என்பதற்காக, சாதாரணச் சொற்களைத் தட்டச்சிட்டால் போதும் என்று அமைத்தார். அப்போது புதிதாய்ப் பரவியிருந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதையாட்டத்தில் அவருக்கு ஈடுபாடு உண்டு. அதன் சாயலில் புதையலும் கோடரி எறியும் குள்ளர்களும் குகைக்குள் குடிபுகுந்தனர். மகள்கள் தந்தையைக் காண வரும் நாள்களில் ஆடுவதற்கென்றே உருவான விளையாட்டு இது.

கிரௌதர் இதை விற்கவில்லை, பூட்டியும் வைக்கவில்லை. அலுவலகக் கணிப்பொறியில் கிடந்த நிரலைப் பார்த்தவர்கள் படியெடுத்தனர். தாம் வளர்த்த வலையமைப்பு வழியாகவே அது ஊர் ஊராகச் சென்றது. 1976இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கணிப்பொறியொன்றில் அதைக் கண்டார் டான் உட்ஸ் என்ற மாணவர். ஆட்டம் பிடித்திருந்தது, பிழைகளும் இருந்தன. ஆசிரியர் எங்கிருக்கிறார் என்பது தெரியவில்லை. உட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? வலையமைப்பில் அன்றிருந்த கணிப்பொறிகள் ஒவ்வொன்றுக்கும், 'கிரௌதர்' என்ற பெயருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்! இன்று நினைத்துப் பார்க்கவும் இயலாத செயல். ஆனால் மொத்த வலையமைப்பும் ஒரு சிற்றூர் போன்றிருந்த காலம் அது. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வகத்துக்கு மாறியிருந்த கிரௌதரிடமிருந்து மறுமொழி வந்தது. முன்பின் அறியாத அம்மாணவருக்குத் தம் மூலநிரலை அப்படியே அனுப்பி வைத்தார்.

உட்ஸ் அதில் பூதத்தின் பாலத்தையும் எரிமலையையும் கரடியையும் டிராகனையும் சேர்த்தார். 350 புள்ளிகளுக்கு மதிப்பெண் முறையும் வகுத்தார். 1977இல் இந்த விரிந்த வடிவம் வெளியானது. ஆட்டம் வந்துசேர்ந்த இடங்களிலெல்லாம் இரண்டு வாரம் வேலை நின்றது என்று அக்காலக் கணிப்பொறியாளர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 349 புள்ளிகள் எடுத்துவிட்டு, கடைசி ஒரு புள்ளிக்காக இரவுகளைத் தொலைத்தவர்கள் பலர். குகை ஆர்வலர் இதழ் ஒன்று ஆட்டத்தில் கிடைக்கும். எளிதில் வெளியேற முடியாத 'விட்ஸ் எண்ட்' என்னும் அறையில் அதைப் போட்டுவிட்டு வந்தால் அந்தப் புள்ளி கிடைத்துவிடும். இதை யார்தான் ஊகிப்பார்!

விதை பல இடங்களில் முளைத்தது. எம்.ஐ.டி. மாணவர்கள் 1977இல் 'ஸோர்க்' ஆட்டத்தைத் தொடங்கினர். கென், ரோபர்ட்டா வில்லியம்ஸ் தம்பதியர் 1980இல் 'மிஸ்டரி ஹவுஸ்' ஆட்டத்தில் எழுத்துடன் படத்தையும் சேர்த்தனர். அட்டாரி நிறுவனத்தின் வாரன் ராபினெட் அதே ஆண்டு இதைத் தொலைக்காட்சி ஆட்டமாக்கினார். ஆட்டம் உருவாக்கியவரின் பெயரை வெளியிடும் வழக்கம் அந்நிறுவனத்தில் அன்று இல்லை. எனவே, ஒற்றைப் புள்ளி ஒன்றைத் தேடியெடுத்தால் மட்டுமே திறக்கும் மறைவான அறையில் தம் பெயரை எழுதி வைத்தார் அவர்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததுதான் நம்மை மிகவும் கவர்ந்தது. அதுவரை குகைக்குள் சென்றவர் ஒவ்வொருவரும் தனியாகவே சென்றனர். 1978இல் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர், ஒரே உலகில் பலர் ஒரே நேரத்தில் நடமாடும்படி 'மட்' என்னும் ஆட்டத்தை எழுதத் தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் அதைத் தொடர்ந்து வளர்த்தார். அலுவல் முடிந்து கணிப்பொறி ஓய்ந்திருக்கும் பின்னிரவு வேளைகளில், தொலைபேசி இணைப்பு வழியே வெளியாரும் வந்து ஆட அனுமதி கிடைத்தது. முகமறியாதவர்கள் இருட்டில் ஒருவரையொருவர் கண்டு பேசிக்கொண்டனர். தன் குழந்தைகளைப் பிரிந்த ஒருவர் தனிமையில் கட்டிய குகையின் வழிவந்த ஆட்டத்தில், நண்பர்கள் கிடைத்தனர்!

பயணக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். பெட்கில்ட் குகையை அளக்கச் சென்ற ஒரு குழுவில், அங்கு முதன்முறையாக வந்த பெண் ஒருவர் இருந்தார். இதுதான் ஆட்டத்தில் வரும் குகை என்று குழுவினர் சொன்னதும் அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. அடுத்து எது வரும் என்று ஒவ்வோரிடத்திலும் அவரே முன்கூட்டிச் சொன்னார். நடுவில் காணாமற்போய்த் திரும்பியவர், விட்ஸ் எண்டைப் பார்த்துவிட்டு வந்ததாகவும், எண்ணியபடியே அது இருந்ததாகவும் கூறினார். திரும்பும்போது அவரையே முன்னால் நடக்க விட்டனர். ஓரிடத்திலும் தவறாமல் அனைவரையும் வெளியே அழைத்து வந்தாராம்.

கிரௌதரின் முதல் நிரல் அழிந்துவிட்டதாகவே நெடுங்காலம் கருதினர். உட்ஸின் மாணவர்க் கணக்கின் பழைய காப்புப்படியில் அது கிடைத்தது. குகைக்கே நேரில் சென்று பார்த்த டென்னிஸ் ஜெர்ஸ் என்ற பேராசிரியர் 2007இல் அதை ஆய்ந்து கட்டுரையாக வெளியிட்டார். குள்ளர்களையும் புதையலையும் நீக்கிப் பார்த்தால் மீதமிருந்தது, பெட்கில்ட் குகையின் நம்பகமான வழிவிவரம். 2017இல், இரு ஆசிரியர்களின் இசைவுடன், உட்ஸின் பிற்காலப் பதிப்பு யாவரும் எடுத்தாளும் திறமூல நிரலாக வெளியானது. நாங்கள் அன்றிரவு ஆடியது அதைத்தான். 2023இல் வில்லியம்ஸ் தம்பதியர் முப்பரிமாணக் காட்சிகளுடன் இதே குகையை மீண்டும் உருவாக்கினர்.

வாயில்களுக்காகச் சண்டையிட்ட குகைச் சொந்தக்காரர்களை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அளந்தவர்கள், வரைந்தவர்கள், கேட்டவருக்குக் கொடுத்தவர்கள் ஆகியோரின் உழைப்புத்தான் நம் கைவரை வந்திருக்கிறது. அவர்களுள் பிஷப்புக்கு மட்டும் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமைகூட இருக்கவில்லை. வரைபடமும் அவர் உழைப்பும் இன்னொருவரின் உடைமையாகவே இருந்தன. கிரௌதரின் ஈகையைப் பாராட்டும்போது இதையும் மறக்கக்கூடாது என்று தோன்றுகிறது.

அடுத்த வாரம் நால்வரும் மீண்டும் கூடுகிறோம். தாள்களில் புதிர்வழியின் பாதி இன்னும் வெறுமையாக இருக்கிறது. இம்முறை விளக்கைக் கண்ட இடத்தில் எரியவிடுவதில்லை என்பது ஒருமனதான தீர்மானம்!