ஹென்ரியட்டாவின் கேஸ் ஷீட்டில் இல்லாத வரி

ஹீலா செல்கள் என்றால் உயிரியல் மாணவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. போலியோ தடுப்பூசி ஆராய்ச்சியில் அவை உதவிய கதையும் பழையதுதான். ஆனால் அந்தச் செல்களுக்குச் சொந்தக்காரரான ஹென்ரியட்டா லாக்ஸின் நோய் எப்போது தொடங்கியது என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அமெரிக்காவின் பால்டிமோர் அருகே வசித்த கறுப்பினப் பெண் அவர். வயிற்றுக்குள் ஏதோ முடிச்சு மாதிரி இருப்பதாக உறவுக்காரப் பெண்களிடம் சொல்லியிருக்கிறார். சில நாட்களிலேயே கர்ப்பம் என்று தெரிந்தது, ஐந்தாவது குழந்தை. அதனால்தான் வலி என்றார்கள் அவர்கள். அதற்கு முன்பே இருந்தது என்றார் ஹென்ரியட்டா.

1950 செப்டம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பிரசவம் ஆனது. 1951 ஜனவரி கடைசியில் ரத்தப்போக்கோடு அங்கேயே திரும்பி வந்தார். பரிசோதித்த டாக்டர் ஹோவர்ட் ஜோன்ஸ், கர்ப்பப்பை வாயில் ஒரு கட்டியைப் பார்த்தார். தொட்டாலே ரத்தம் கசிந்தது. ஆனால் அவரை வியக்க வைத்தது பழைய கேஸ் ஷீட்தான். பிரசவத்தின்போதும் சரி, ஆறு வாரம் கழித்து வந்தபோதும் சரி, கர்ப்பப்பை வாயில் கோளாறு என்று ஒரு வரிகூட இல்லை!

ஒன்று, டாக்டர்கள் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டி பயங்கர வேகத்தில் வளர்ந்திருக்க வேண்டும். இரண்டுக்குமே வாய்ப்புண்டு. கர்ப்பிணிக்குக் கர்ப்பப்பை வாய் மென்மையாகி நிறம் மாறும். லேசான கசிவும் வெள்ளைப்படுதலும் கர்ப்பத்தின் கணக்கில் போய்விடும். போதாததற்கு, சுமார் இருபது ஆண்டுகள் கழித்துத் திசுவை மறுபடி ஆராய்ந்தபோது அது அடினோகார்சினோமா என்று தெரிந்தது. இந்த வகை பெரும்பாலும் கர்ப்பப்பை வாயின் உட்குழாயில் தொடங்குவதால் ஆரம்பத்தில் கண்ணில் படுவது கடினம். எப்படியானாலும், முடிச்சைப் பற்றி ஹென்ரியட்டா சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம்.

பாப் ஸ்மியர் சோதனையை விளக்கி பாப்பனிகொலாவும் ட்ராவ்ட்டும் 1943-லேயே புத்தகம் வெளியிட்டுவிட்டார்கள். இருந்தும், பிரசவத்துக்கு வருகிற எல்லோருக்கும் அதைச் செய்து பார்க்கும் வழக்கம் 1950-ல் வந்திருக்கவில்லை.

ரேடியம் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். அப்போது அவரிடம் கேட்காமலேயே வெட்டி எடுத்த திசுதான் ஹீலா ஆனது. 1951 அக்டோபர் 4 அன்று ஹென்ரியட்டா இறந்தார். வயது 31. கடைக்குட்டிக்கு ஒரு வயது முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

அந்தச் செல்களுக்குள் எச்பிவி 18 என்ற வைரஸின் டிஎன்ஏ இருப்பதை 1984-ல் ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹாவுசன் குழுவினர் வெளியிட்டார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இன்று போடப்படும் தடுப்பூசிகள் குறிவைப்பதில் அந்த வைரஸும் உண்டு.