சிதறலிலிருந்து வடிவத்துக்கு: முத்துச்சிப்பியும் எக்ஸ் கதிரும்

1

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். முத்து என்றதும் எனக்கு ஒரு பட்டியல் வந்துவிடும்: கொற்கை, பாண்டியன், காதலியின் பல், சிப்பியின் வாயில் விழுந்த மழைத்துளி. இரண்டு வருஷ வகுப்பில் ஒரு நாள்கூட அந்த முத்தை எடுத்தவன் எத்தனை நேரம் மூச்சடக்கிக் கிடந்தான் என்ற பேச்சு எழுந்ததில்லை. முத்து எதனால் ஆனது என்றும் யாரும் கேட்கவில்லை. இந்த இரண்டு மௌனங்களும் ஒன்றுக்கொன்று உறவுடையவை என்று இப்போது நினைக்கிறேன்.

ராமேஸ்வரம் கடற்கரைக் கடையில் வாங்கிய முத்துச்சிப்பி ஓட்டுத் துண்டொன்று என் மேஜைமேல் கிடக்கிறது. திருப்பினால் பச்சை, இன்னும் கொஞ்சம் திருப்பினால் இளஞ்சிவப்பு. ஒரு நாள் அதன் ஓரத்தை அரத்தால் ராவிப் பார்த்தேன். விழுந்தது வெறும் வெள்ளைப் பொடி. நிறம் போன இடம் தெரியல. அப்படியானால் நிறம் பொருளில் இல்லை. பொருள் அடுக்கப்பட்டிருந்த விதத்தில் இருந்திருக்கிறது. அந்த அடுக்கைப் பார்த்தவர்கள் யார், எதைக் கொண்டு பார்த்தார்கள், அவர்களில் யாருடைய பெயர் எஞ்சியது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

2

சி.வி. ராமன் 1934-35இல் பெங்களூரில் இருந்தபோது, நிறம் மினுங்கும் சிப்பி ஓடுகளைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். 1954இல் முத்தின் ஒளியைப் பற்றியும் எழுதினார். ஓட்டின் உட்புறம் செங்கல் சுவர் மாதிரி. செங்கல், அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் படிகத்தின் மெல்லிய தகடு. சாந்து, புரதமும் பிறவும் கலந்த சவ்வு. தகட்டின் தடிமன் ஏறக்குறைய 500 நானோமீட்டர். சவ்வு சில பத்து நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் பத்து லட்சம் நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் 400 முதல் 700 நானோமீட்டர்வரைதான். அலையும் அடுக்கும் ஒரே அளவில் இருப்பதால்தான் ஓடு நிறம் காட்டுகிறது. ‘நானோ பொருள்’ என்று இன்று ஆய்வுக்கூடங்கள் செய்ய முயல்வதை மன்னார் வளைகுடாவின் சிப்பி சத்தமில்லாமல் செய்துகொண்டு வந்திருக்கிறது.

ஆனால் தகட்டுக்குள்ளே அணுக்கள் எப்படி நிற்கின்றன என்று ஒளியால் சொல்ல முடியாது. அதற்கு அணு அளவுக்குச் சிறிய அலை வேண்டும். செம்பிலிருந்து பெறும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 0.154 நானோமீட்டர். அதைப் பொருளின் மீது விட்டால் நாலாபக்கமும் சிதறும். சிதறிய அலைகள் ஒன்றோடொன்று கூடியும் அழித்தும் வளையங்களாகவோ புள்ளிகளாகவோ படத்தில் பதியும். இதில் ஒரு தலைகீழ் விதி உண்டு: பொருளில் இடைவெளி பெரிதாக ஆக, சிதறும் கோணம் சிறிதாகும். அணுக்களின் இடைவெளி அகன்ற கோணத்தில் தெரியும். 10 நானோமீட்டர் இடைவெளியோ ஒரு பாகைக்கும் குறைந்த கோணத்தில், நேர்க்கதிரை ஒட்டினாற்போல விழும். நேர்க்கதிரின் வெளிச்சம் அதை விழுங்கிவிடப் பார்க்கும். நானோ உலகம் இந்தக் குறுகிய சந்துக்குள்தான் இருந்தது.

3

அந்தச் சந்தை முதலில் எட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். ராமனும் கே.ஆர். ராமநாதனும் 1923இல் திரவங்களில் எக்ஸ் கதிர் சிதறுவதைப் பற்றி எழுதியிருந்தார்கள். அந்த வழியில் வந்த பி. கிருஷ்ணமூர்த்தி 1930இல் கூழ்மக் கரைசல்களையும் நுண்துகள்களையும் ஆராய்ந்து, நேர்க்கதிரை ஒட்டிய சிறுகோணச் சிதறலைக் கண்டு ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்’ இதழில் வெளியிட்டார். பிறகு 1930களின் கடைசியில் பாரிஸில் ஆந்த்ரே கினியே அதைக் கணக்காக்கினார்: சிதறல் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதிலிருந்து துகளின் பருமனைச் சொல்லிவிடலாம். இன்று உலகெங்கும் அது ‘கினியே விதி’. அவரும் ஃபூர்னேயும் 1955இல் எழுதிய நூலின் வரலாற்றுக் குறிப்பில் கிருஷ்ணமூர்த்தியின் பெயர் போகிறபோக்கில் வருகிறது.

இதை வைத்து ‘நம்ம ஆளு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டான்’ என்று கொடி தூக்க நான் வரவில்லை. கினியே செய்தது வேறு, பெரிய காரியம். கண்டதை எண்ணாக மாற்றியவர் அவர். ஆனால் கிருஷ்ணமூர்த்திக்குக் கிடைத்த அந்த ஒரு வரியாவது அச்சிட்ட ஏடு இருந்ததால் கிடைத்தது. கடலுக்குள் இறங்கிச் சிப்பி எடுத்தவனுக்கு அதுவும் இல்லை.

4

இங்கே கோட்பாட்டு நண்பர்களோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. சிதறல் படம் ஒரு பிரதி மாதிரி. கருவி பதிவது அலைகளின் வலிமையை மட்டும். எந்த அலை முந்தி வந்தது, எது பிந்தி வந்தது என்ற தகவல் தொலைந்துபோகிறது. கரைசலில் துகள்கள் எல்லாத் திசையிலும் புரண்டு கிடப்பதால் இன்னும் கொஞ்சம் தொலைகிறது. எனவே வெவ்வேறு வடிவங்கள் ஏறக்குறைய ஒரே வளைகோட்டைத் தரலாம். உடனே நம் ஆட்கள், ‘பாத்தியா, பொருளுக்குள்ளயும் பன்முக வாசிப்புதான், இறுதி அர்த்தம்னு ஒண்ணு கிடையாது’ என்பார்கள்.

பாதிதான் சரி. பல வடிவங்கள் பொருந்தலாம். எல்லா வடிவமும் பொருந்தாது. கோளத்தின் வளைகோட்டை நீண்ட கம்பியின் வளைகோடு என்று யாரும் சாதிக்க முடியாது. படம் ‘ஆம்’ என்று தெளிவாகச் சொல்வதில்லை. ‘இல்லை’ என்று மட்டும் உறுதியாகச் சொல்லும். எஞ்சியவற்றுள் எது என்று முடிவுசெய்ய, வாசிப்பவரிடம் ஏற்கெனவே ஒரு வடிவக் கையிருப்பு இருக்க வேண்டும். நமது கேள்வி அந்தக் கையிருப்பைப் பற்றியதாக இருக்கட்டும்.

ஏனெனில் அது இப்போது இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டது. இந்தூரில் உள்ள இண்டஸ்-2 போன்ற சின்க்ரோட்ரான்களிலிருந்து படங்கள் வந்து குவிகின்றன. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்க்க ஆள் போதாது. அதனால் இயந்திரக் கற்றல். கோளம், கம்பி, தகடு, அடுக்கு என்று தெரிந்த வடிவங்களுக்கு இப்படித்தான் சிதறல் வரும் என்று கணித்து, ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் கணினிக்கு ஊட்டுகிறார்கள். பிறகு புதுப் படத்தைக் காட்டினால் எதைப்போல இருக்கிறது என்று நொடியில் சொல்கிறது. உண்மையிலேயே பெரிய உதவி. சிக்கல் எங்கே என்றால், ஊட்டப்படாத வடிவம் வந்து நின்றால் அது பெரும்பாலும் ‘தெரியாது’ என்பதில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றுக்குள் அதைத் திணித்துவிடும்.

5

இந்தத் திணிப்பு நமக்குப் புதுசா என்ன? முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தவரும் அவர்தான். 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளாக அடுக்கினார். அந்த அடுக்கில் குளிப்பவன் ஒரு ‘வகை’ ஆனான், அறிந்தவன் ஆகவில்லை.

அறிவு இல்லாமலா இருந்தது? முத்துச் சலாபத்தில் முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் போட்டுப் பிரித்தார்கள். ‘பெட்டி’ என்று பேர். 20 துளையிலிருந்து 1000 துளைவரை பத்துப் பெட்டி. அளவைச் சல்லடை சொல்லும். உருட்சியையும் ஒளியையும் கண் சொல்லும். முதல்தரத்துக்கு ‘ஆணி’, பிறகு படிப்படியாக இறங்கிக் கடைசியில் தூள். ஆயிரக்கணக்கான முத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு கண் பழகுவதற்கும், மாதிரிகளை ஊட்டி ஒரு கணினியைப் பழக்குவதற்கும் அடிப்படையில் உறவு உண்டு. 500 நானோமீட்டரை அந்தக் கண் பார்க்கவில்லை; பார்த்தது என்று சொன்னால் அது பொய்ப் பெருமை. ஆனால் அடுக்கின் ஒழுங்கு முத்தின் ஒளியாக வெளிப்பட்டபோது அதைத் தரம் பிரித்து விலை சொன்னது அந்தக் கண்தான்.

கீழக்கரையில் சங்கு குளித்த ஒரு பெரியவரிடம் கலங்கல் தண்ணீரில் எப்படித் தேடுவீர்கள் என்று கேட்டேன். ‘கண்ணு அங்க எதுக்கு தம்பி? மண்ணுல லேசா மேடு தட்டும். தட்டுனதுமே தெரியும், இது சங்கு, இது வெறுங்கல்லுன்னு. எப்புடின்னா சொல்லத் தெரியாது’ என்றார். குறைந்த தடயம், நிறைந்த கையிருப்பு. ஒரு வேறுபாடும் இருக்கிறது: தவறாகச் சொன்னால் கணினிக்கு மூச்சு முட்டாது.

தூத்துக்குடிப் பக்கம் கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது. பெட்டியையும் ஆணியையும் கையால் பழகியவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். சங்கு குளித்தவர்கள் கீழக்கரையிலும் மண்டபத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தப் பார் எங்கே, எந்த மண்ணில் எந்தச் சங்கு, எந்த நீரோட்டத்தில் இறங்கக்கூடாது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. களப்பணிக்குப் போகும் நண்பர்கள் பாட்டையும் சடங்கையும் பதிவது நல்லதுதான். இந்தச் சொற்களையும், சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரோடு சேர்த்து, எழுதி வையுங்கள். நாளைக்கு எந்த இயந்திரமும் நாம் எழுதி வைத்ததிலிருந்துதான் கற்கும்.