இணைய இணைப்பு இருந்தும் இணையதளம் திறக்கவில்லையா? கணினியின் டிஎன்எஸ் அமைப்பைச் சரிபார்க்கும் வழிமுறைகள்

வைஃபை இணைப்பு உள்ளதாகக் கணினி காட்டியும் எந்த இணையதளமும் திறக்காத நிலையில், பழுது இணைப்பில் அல்லாமல் 'டிஎன்எஸ்' அமைப்பில் இருக்கக்கூடும். இதைப் பயனர்களே கண்டறிந்து சரிசெய்ய இயலும்.

டிஎன்எஸ் என்றால் என்ன?

இணையதளப் பெயர்களை எண் வடிவிலான ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் முறையே டிஎன்எஸ். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் பால் மொக்கபெட்ரிஸ் 1983-ஆம் ஆண்டு இதனை வடிவமைத்தார். முகவரியைத் தேடித் தரும் சர்வர் 'ரிசால்வர்' எனப்படுகிறது. வீடுகளில் பெரும்பாலும் ரவுட்டர் வழியாக இது தானாகவே அமைந்துவிடும்.

பழுதைக் கண்டறிவது எப்படி?

விண்டோஸ் கணினியின் 'கமாண்ட் பிராம்ப்ட்' பகுதியில் 'பிங்' கட்டளையுடன் 8.8.8.8 என்ற முகவரியை உள்ளிட வேண்டும். அதற்குப் பதில் கிடைத்து, இணையதளப் பெயரை உள்ளிடும்போது மட்டும் முகவரி கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்தி வந்தால், பழுது டிஎன்எஸ்-இல் உள்ளது எனக் கொள்ளலாம். அதே வைஃபையில் கைப்பேசி சீராக இயங்கினால் கணினியையும், எந்தக் கருவியும் இயங்கவில்லை எனில் ரவுட்டரையும் முதலில் சோதிக்க வேண்டும்.

சரிசெய்யும் முறை

விண்டோஸ் 11 செட்டிங்ஸில், பயன்பாட்டில் உள்ள இணைப்பின் விவரப் பக்கத்தில் 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' என்ற பகுதி உள்ளது. அதனை 'ஆட்டோமேட்டிக்' நிலைக்கு மாற்றிக் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பழுது நீடித்தால், அதே பகுதியில் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆகிய பொது ரிசால்வர்களுள் ஒன்றை உள்ளிடலாம். அலுவலகக் கணினிகளில் இவ்வாறு மாற்றினால் உள் இணையதளங்கள் திறக்காமல் போகலாம் என்பதால், தொழில்நுட்பப் பிரிவின் அனுமதி அவசியம்.

உபுண்டு கணினிகளில் 127.0.0.53 என்ற முகவரி காணப்படுவது பழுதன்று. அது கணினிக்குள்ளேயே இயங்கும் இடைநிலை ரிசால்வரின் முகவரியாகும்.

அறியாத முகவரி இருந்தால் எச்சரிக்கை

பயனர் மாற்றாமலேயே அறிமுகமற்ற டிஎன்எஸ் முகவரி பதிவாகியிருந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. வங்கியின் பெயரைச் சரியாக உள்ளிட்டாலும், போலி இணையதளத்துக்குத் திருப்பிவிட இதனால் இயலும். 'டிஎன்எஸ்சேஞ்சர்' என்ற தீநிரல் இவ்வாறே 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளின் டிஎன்எஸ் அமைப்பை மாற்றியதை, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2011 நவம்பரில் வெளிப்படுத்தியது. பாதிக்கப்பட்டோருக்காக இயக்கப்பட்ட தற்காலிக சர்வர்கள் 2012 ஜூலை 9-ஆம் தேதி நிறுத்தப்பட்டபோது, அதுவரை சரிசெய்யப்படாத கணினிகள் இணையச் சேவையை இழந்தன.

இத்தகைய சூழலில் ஆன்டிவைரஸ் சோதனையுடன் ரவுட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றுவது அவசியம். பண இழப்பு ஏற்பட்டிருப்பின், தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனடியாகத் தொடர்புகொள்ளலாம்.